உசந்த எலும்பு

கூட்டம் விடிவதற்கு முன்பே வந்துவிட்டது. ஏரல், ஆழ்வார்திருநகரி, கருங்குளம், செய்துங்கநல்லூர் என்று ஆற்றின் இரண்டு கரையிலிருந்தும் மாட்டுவண்டிகள். முட்டி வலிக்காரர்கள், இடுப்புப் பிடிப்புக்காரர்கள், முதுகு வளைந்தவர்கள், ஒன்றுமே வலிக்காதவர்கள். வலிக்காதவர்கள்தான் முன்வரிசை. முண்டியடித்து வேடிக்கை பார்க்க நல்ல முட்டி வேண்டும்.

இது 1912ஆம் வருஷத்துத் தை மாதம். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்கு மேற்கே, வாழைத்தோட்டங்களுக்கு நடுவில் ஒரு சைவத் தெரு. தெருவின் பெரிய வீட்டுக்கு முன்னால் பந்தல். பந்தலுக்கு வெளியே, நல்ல வெயிலில், புலித்தோல் என்று சொல்லப்பட்ட ஏதோ ஒரு தோலின் மேல் அஸ்திச் சாமி உட்கார்ந்திருந்தார்.

சாமி கண்ட வேலையைச் செய்பவர் அல்ல. காய்ச்சல், பிள்ளையில்லாக் குறை, வழக்கில் ஜெயம் இதையெல்லாம் அவர் தொடுவதில்லை. எலும்பு மட்டும்தான். வயது ஏறும்போது 'எலும்பு முனி' என்று ஒருவன் உடம்புக்குள் புகுந்து எலும்பைக் கறையான் மாதிரி அரிக்கிறான். அரித்த துண்டு உள்ளேயே தங்கி வலி கொடுக்கிறது. அந்தத் துண்டைச் சாமி உறிஞ்சி எடுத்துவிடுவார். பொதிகை மலையில், பாபநாசத்துக்கு மேலே, மனிதர் காலே படாத குகையில் பன்னிரண்டு வருஷம் தவம் செய்து கற்றது. மனிதர் கால் படாத இடம் என்பதால் போய்ப் பார்த்து வந்தவரும் இல்லை. சாட்சி இல்லாத இடமாகப் பார்த்துத்தான் இவர்கள் எல்லோரும் தவம் செய்கிறார்கள்.

"முனி எப்படி உள்ள வருதான் சாமி?" என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார்.

"வெயில் வழியா வருதான்" என்றார் சாமி. "வெண்ணெயை வெயில்ல வச்சா என்ன ஆகும்?"

"உருகும் சாமி."

"எலும்பு என்ன நிறம்?"

"வெள்ளை."

"வெண்ணெய்?"

"அதுவும் வெள்ளைதான் சாமி!"

கூட்டம் மெய்சிலிர்த்தது. சுண்ணாம்பும் வெள்ளைதான், அது வெயிலில் இன்னும் இறுகும் என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. உச்சி வெயிலில் நாளெல்லாம் உட்கார்ந்திருக்கிற சாமியின் எலும்பு ஏன் உருகவில்லை என்று கேட்கவும் ஆள் இல்லை.

பெரிய வீட்டுக்காரர் குற்றாலலிங்கம் பிள்ளைக்கு இந்த வெண்ணெய் உவமை மிகவும் பிடித்துப்போனது. அவர் பரம்பரையே அதைத்தான் சொல்லாமல் செய்துகொண்டிருந்தது. அவர் வீட்டுப் பெண்களைச் சூரியன் பார்த்ததில்லை. இதை அவர் நிலபுலன்களைவிடப் பெருமையாகச் சொல்வார். கோயிலுக்குப் போவதென்றால் இருட்டிய பிறகு, திரை போட்ட வில்வண்டியில். வீட்டு நடுவில் முற்றம் உண்டு. ஆனால் பக்கத்துத் தோப்பில் தேங்காய் பறிக்க ஏறுகிறவன் கண் பட்டுவிடும் என்று, அவர் அப்பா காலத்திலேயே முற்றத்தின் மேல் ஓலைத் தட்டி போட்டு அடைத்தாகிவிட்டது. அதைப் பார்த்துத் தெருவில் மற்ற வீடுகளும் போட்டன; வருஷா வருஷம் தட்டி மாற்றுவார்கள். வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத தாமிரபரணிக் கரையில், வெயிலை உள்ளே விடாமல் இருக்க இவ்வளவு மெனக்கெடல்.

அவர் மனைவி பிரம்மநாயகி, பதின்மூன்று வயதில் அந்த வாசற்படி தாண்டி உள்ளே வந்தவள். இப்போது ஐம்பது. தோல் பச்சரிசி மாவு மாதிரி வெளுத்திருக்கும். கல்யாணங்களில் மற்றப் பெண்கள் அந்த நிறத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். தோல் வெளுப்பைப் பார்த்தார்கள், அவள் உட்கார்ந்தால் எழ முடியாததை யாரும் பார்க்கவில்லை. நடந்தால் வாத்து மாதிரி இரண்டு பக்கமும் ஆடுவாள். இருமினால் விலா எலும்பு குத்தும். தரையிலிருந்து எழ இரண்டு ஆள் வேண்டும். முன் வருஷம் படுக்கையில் புரண்டதற்கே மணிக்கட்டு ஒடிந்தது.

அதே வயதுப் பெண்கள் வயலில் நாற்றுமுடி சுமந்து வரப்பில் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முனி வரவில்லை. ஏன் என்று பிள்ளை ஒருமுறை கேட்டுத்தான் பார்த்தார்.

"முனி கண்ட எலும்பையும் தின்னமாட்டான்" என்றார் சாமி. "அவனுக்கு உசந்த எலும்புதான் வேணும்."

அவ்வளவுதான். நோய் போய்க் கௌரவம் வந்துவிட்டது. ஒரு வாரத்துக்குள் தெருவில் பாதி வீடுகளில் முனி புகுந்தான். முனி வராத வீட்டுக்காரர்கள் தலை குனிந்து நடந்தார்கள்.

வைத்தியம் இப்படி. பெண்கள் அந்நிய ஆண் முன்னால் வரமாட்டார்கள். எனவே பட்டாசாலை என்கிற முன்கூடத்தின் கதவை மூடிக்கொண்டு பெண் உள்ளே உட்கார வேண்டும். கதவில் ஒரு துளை. பரம்பரையாக வந்த தேக்குக் கதவில் துளை போட ஆசாரியைக் கூப்பிட்டபோது பிள்ளை பார்க்க மாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார், மனைவியின் மணிக்கட்டு ஒடிந்தபோது திருப்பாத முகம். துளை வழியாக ஒரு மூங்கில் குழல். குழலின் உள்முனையில் கொம்பு வாய். அதை உள்ளே இருப்பவள் வலிக்கிற இடத்தில் வைத்து அழுத்திக்கொள்ள வேண்டும். வெளிமுனை சாமி வாயில். அறைக்குள் அவளைத் தவிர வேறு யாரும் இருக்கக் கூடாது, இருந்தால் முனி அவர்கள்மேல் தாவிவிடுவான்.

சிஷ்யன் பூதத்தான் சேகண்டியை அடிப்பான். சாமி கன்னம் ஒட்ட உறிஞ்சுவார். கண் பிதுங்கும். உடம்பு துள்ளும். பிறகு வெள்ளித் தட்டில் துப்புவார். சிவப்பு எச்சிலுக்கு நடுவில், 'டக்' என்று ஒரு எலும்புத் துண்டு.

"அரகரா!"

"எலும்பு வீட்டுக்குள்ள வந்தா தீட்டாச்சே சாமி" என்று பிள்ளை தயங்கினார்.

"செத்தவன் எலும்புதான் தீட்டு. சுமங்கலி எலும்பு பிரசாதம். செப்புல போட்டுப் பூசை அறையில வையும். எல்லாம் எடுத்து முடிஞ்சதும் பாபநாசத்துல கரைச்சிருவோம்."

அப்படியே நடந்தது. தர்ப்பணத்துக்கு முதல் நாள் வெங்காயம்கூட ஏறாத வீட்டில், திருநீற்றுக் கொப்பரைக்கும் தேவாரச் சுவடிக்கும் நடுவில் ஒரு வெள்ளிச் செப்பு வந்து உட்கார்ந்தது. வெள்ளிக்கிழமைதோறும் சூடம் காட்டினார்கள்.

சாரம்மாள் அந்தச் செப்பைப் பார்த்தது மாசியில். அவள் பாளையங்கோட்டையில் படித்து, ஸ்ரீவைகுண்டத்தில் தங்கி, வெளியே வராத பெண்களுக்கு வீடு வீடாகப் போய் எழுத்தும் தையலும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த கிறிஸ்தவப் பெண். பிரம்மநாயகிக்கு அவளிடம் எழுத்தைவிட ஊர் வம்பு கேட்பதில்தான் ஆர்வம். அன்றைக்குத் தன் பெருமையைக் காட்ட, செப்பை வேலைக்காரியிடம் எடுத்து வரச் சொல்லித் திறந்து காட்டினாள்.

"இது என்னம்மா?"

"என் எலும்பு."

சாரம்மாள் ஒரு துண்டை எடுத்துத் திருப்பினாள். இன்னொன்றை எடுத்தாள். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"தப்பா நினைக்காதீய அம்மா. ஞாயித்துக்கிழமை கோயில் முடிஞ்சு வந்தா எங்க வீட்டுல இதைத்தான் கடிப்போம்."

"என்னளா சொல்லுத?"

"கோழிம்மா. இது கால். இந்தா, இந்தச் சின்னது றெக்கை."

பிரம்மநாயகி முந்தானையால் வாயைப் பொத்தினாள். "பூசை அறையில வச்சு வாராவாரம் சூடம் காட்டுதோமேளா!"

"கோழிக்குக் கொடுத்து வச்சிருக்கு."

பிரம்மநாயகி அன்று மாலையே கணவரிடம் சொன்னாள். சொன்னது யார் என்று கேட்டதும் பிள்ளைக்குக் கோபம் வந்தது.

"வேதக்காரி சொன்னா நீ நம்பிருவியா? கோழி எலும்புக்கும் மனுச எலும்புக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

"தெரியுமா?"

பிள்ளை கொஞ்சம் யோசித்தார். "தெரியாது. சைவனுக்கு எப்பிடித் தெரியும்? அதனாலதான் சாமி சொல்லுததைக் கேக்கேன்."

இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? தனக்குத் தெரியாது என்பதையே ஆதாரமாகக் காட்டுகிறவரோடு வாதாட முடியாது.

அடுத்த முறை சாரம்மாள் ஒரு சீசா கொண்டுவந்தாள். ஆஸ்பத்திரி டாக்டரம்மா கொடுத்தது, மீன் எண்ணெய். மூடியைத் திறந்ததுமே வீட்டுப் பூனை மூன்று கட்டு தாண்டி ஓடி வந்தது. பிரம்மநாயகி சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"மீனா? செத்தாலும் தொடமாட்டேன்."

"அப்பம் இன்னொண்ணு சொல்லிவிட்டாங்க. வெயில்ல உக்காரணுமாம்."

"வெயில்லயா? எலும்பு உருகிராதா?"

"எங்க டாக்டரம்மா சொல்லுதாங்க, உங்கள மாதிரி வீட்டுக்குள்ளயே இருக்கிற பொம்பளைகதான் இப்பிடி ஆடி ஆடி நடந்து வருதாங்களாம். வெளிய திரியிற ஒருத்தியும் வரலையாம். ஏன்னு அவங்களுக்கும் தெரியலை. வெயில் பட்டா சரியாகுதாம், அது மட்டும் தெரியும்னாங்க." சாரம்மாள் புறக்கடைப் பக்கம் கையைக் காட்டினாள். அங்கே ஓலைப்பாயில் கத்தரிக்காய் வத்தல் காய்ந்துகொண்டிருந்தது. "கத்தரிக்காய்க்குக் காட்டுதீயளே, மனுசிக்குக் காட்டக் கூடாதா?"

ஏன் என்று தெரிய இன்னும் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. வெயில் பட்டால் மனிதத் தோல் தானாகவே ஒரு சத்தைச் சமைத்துக்கொள்கிறது. தின்கிற சுண்ணாம்புச் சத்து உடம்பில் ஒட்ட அது வேண்டும். அது இல்லாவிட்டால் எலும்பு இளகும். வயதாக ஆக அந்தச் சமையலும் மந்தமாகும், அப்போது வெயிலையும் அடைத்தால் கதை முடிந்தது. பின்னால் அதற்கு வைட்டமின் டி என்று பெயர் வைத்தார்கள். பெயர் தெரியாத காலத்திலும் வெயில் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. அதற்குச் சூடம் காட்ட வேண்டியதில்லை.

மத்தியானச் சாப்பாடு முடிந்தால் அந்தத் தெருவில் ஆண்கள் எல்லோரும் தூங்கிவிடுவார்கள். பிரம்மநாயகி சுவரைப் பிடித்துக்கொண்டு பைய நடந்து, தொழுவத்துக்குப் பின்னால், வைக்கோல் படப்புக்கும் மதிலுக்கும் நடுவில் போய் உட்கார்ந்தாள். யாராவது கேட்டால் வத்தலுக்குக் காக்கை விரட்டுகிறாள். முப்பத்தேழு வருஷம் கழித்துத் தன் கையை அவள் வெயிலில் பார்த்தாள். உணர்ச்சி ஒன்றும் பொங்கவில்லை. சுட்டது. கொஞ்ச நேரம் பொறுத்துக்கொண்டு உள்ளே போனாள். மறுநாளும் வந்தாள்.

பங்குனி போய்ச் சித்திரை போய் வைகாசி வந்தது. இருமினால் விலா குத்துவது நின்றது. ஒரு நாள் யார் கையையும் பிடிக்காமல் தரையிலிருந்து எழுந்தாள். கம்பு வேண்டும்தான். முழங்கால் வளைந்தது வளைந்ததுதான். ஆனால் நடந்தாள்.

பெயர் யாருக்குப் போனது? சாமிக்குத்தான்.

"பாத்தீரா!" என்று பிள்ளை தெரு முழுக்கச் சொன்னார். "எட்டு எலும்பு எடுத்தாரு. எந்திச்சு நிக்கா!"

வண்டிகள் இரண்டு மடங்கு வந்தன. மனைவியின் கை கறுத்திருப்பதையும் பிள்ளை கவனித்துவிட்டுச் சாமியிடம் ஓடினார். சாமி அசரவில்லை. "முனி தோல் வழியா வெளிய போறான். அவன் நிறம் கறுப்புல்லா?" என்றார். எதைக் காட்டினாலும் பதில் இருந்தது. அதுதான் அவருடைய ஒரே நிஜமான வித்தை.

ஆனால் வியாபாரத்துக்கு நோயாளி முழுசாகக் குணமாவது நல்லதல்ல. எனவே சாமி புது ஆணை போட்டார். ஆனி முதல் வெள்ளிக்கிழமை, ஊர் பார்க்க, 'தாய் எலும்பை' எடுப்பார். முனியின் வேரே அதுதான். எடுத்த கையோடு அம்மாளை நெல் போட்டு வைக்கிற அறையில் ஒரு மண்டலம் அடைத்துவிட வேண்டும். ஜன்னல் கூடாது. விளக்கு கூடாது. ஒரு பொட்டு வெளிச்சம் பட்டாலும் முனி திரும்பிவிடுவான். பிள்ளை அன்றைக்கே நெல்லை வெளியே அள்ளச் சொன்னார்.

இருட்டறை என்ன செய்யும் என்பது பிரம்மநாயகிக்குத் தெரியும். இரண்டு வீடு தள்ளி நாறும்பூநாத பிள்ளையின் மனைவி ஞானம்பாளை மாசியில் அப்படித்தான் அடைத்தார்கள். உள்ளே போகும்போது கம்பு ஊன்றிப் போனவள். ஒரு மண்டலம் முடிந்து கட்டிலோடு தூக்கி வந்தார்கள். முனி பலசாலி என்று சாமி இன்னொரு மண்டலம் போட்டார். இப்போது இரண்டாவது முடியப்போகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் முனகுவது கேட்கிறது என்று வேலைக்காரிகள் சொன்னார்கள்.

"நான் அந்த அறைக்குப் போகமாட்டேன்" என்றாள் பிரம்மநாயகி.

"ஊரைக் கூட்டியாச்சு" என்றார் பிள்ளை. "நீ போகலைன்னா என் மானம் போயிரும்."

"என் காலு போகுதே."

"காலு வீட்டுக்குள்ளதானே இருக்கு. மானம் தெருவுல நிக்குளா."

மறுநாள் சாரம்மாள் வந்ததும் பிரம்மநாயகி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஏளா, அந்தச் சாமி கதவுக்கு இங்கிட்டு எட்டிப் பாப்பாரா?"

"எப்பிடிம்மா பாப்பாரு? நீங்கதான் கோஷாவாச்சே."

"அதான் கேட்டேன்" என்றாள் பிரம்மநாயகி. "தோட்டத்துலயிருந்து நல்லதா ஒரு வாழைத்தண்டு வெட்டிட்டு வரச் சொல்லு."

ஆனி முதல் வெள்ளி. தெருவில் ஊசி விழ இடமில்லை. சுக்குத்தண்ணீர்க்காரன், பொரிகடலைக்காரன், முறுக்குக்காரி எல்லோரும் வந்துவிட்டார்கள். பேட்டையிலிருந்து வெற்றிலை வியாபாரி காஜா முகைதீன் வந்திருந்தார், அவருக்கு நெடுநாளாக இடுப்பு வலி. வைத்தியத்தை எல்லோரும் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கு வாசல் கதவிலேயே புதுத் துளை. பிள்ளை இப்போது முகத்தைத் திருப்பவில்லை, பழகிவிட்டது.

பிரம்மநாயகி உள்கட்டிலிருந்து வாசல் அறைக்குப் போனாள். கதவு சாத்தப்பட்டது. குழல் உள்ளே நுழைந்தது. சேகண்டி முழங்கியது.

"அம்மா, கொம்பை இடுப்புல வச்சாச்சா?" என்று சாமி கேட்டார்.

உள்ளேயிருந்து சத்தம் இல்லை.

"அருள் வந்துட்டு. பேசமாட்டாங்க" என்று சாமியே பதிலும் சொல்லிவிட்டு உறிஞ்ச ஆரம்பித்தார்.

அதே நேரம் கூட்டத்தின் பின்பக்கம் ஒரு அம்மாள் கம்பு ஊன்றி வந்து நின்றாள். சாயம் போன சுங்குடிச் சேலை. முகம் வெயிலில் சிவந்திருந்தது. பக்கத்தில் சாரம்மாள்.

"யம்மா, முட்டி வலியா? வண்டிக்கு அந்தப் பக்கம் வரிசை நிக்கி, அங்கன போங்க" என்றார் ஒருவர்.

"எனக்கு வைத்தியம் நடந்துக்கிட்டுத்தான் இருக்கு, அண்ணாச்சி. கொஞ்சம் வழி விடுங்க" என்றாள் அவள்.

வழி விட்டார்கள். யாருக்கும் அவளைத் தெரியவில்லை. தெரிய வாய்ப்பே இல்லை. அந்தக் கூட்டத்தில் நின்றவர் ஒருத்தரும் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. குற்றாலலிங்கம் பிள்ளையோ கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

சாமியின் உடம்பு மூன்று முறை துள்ளியது. வெள்ளித் தட்டில் 'டக்'. அதுவரை எடுத்ததிலேயே பெரிய துண்டு.

"அரகரா!"

"சாமி" என்று ஒரு குரல். "யாரு எலும்பு அது?"

"உள்ள இருக்கிற மகராசி பிரம்மநாயகி அம்மாளோட தாய் எலும்பு" என்றார் சாமி மூச்சு வாங்கிக்கொண்டே.

"நல்லாப் பாத்துச் சொல்லும். அவ இடுப்புலயிருந்துதானே வந்துது?"

"ஏ பொம்பளை, யாரு நீ? சாமிகிட்டயே சந்தேகமா?" என்று பூதத்தான் சேகண்டிக் கட்டையை ஓங்கினான்.

குற்றாலலிங்கம் பிள்ளை கண்ணைத் திறந்தார். அந்தக் குரலை அவர் முப்பத்தேழு வருஷமாகக் கேட்டிருக்கிறார். முகத்தை வெயிலில் பார்ப்பது இதுதான் முதல் முறை. அடையாளம் காண அவருக்கும் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஏட்டி... நீ எப்பிடி இங்கன?"

"நடந்துதான் வந்தேன். புறவாசல் வழியா, தெருவைச் சுத்தி."

"அப்பம் உள்ள யாரு?"

"தொறந்து பாருங்க."

கதவைத் திறந்தார்கள். மணையில் ஒரு வாழைத்தண்டு நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அதற்குக் கூறைப்பட்டு சுற்றியிருந்தது. குங்குமம்கூட வைத்திருந்தாள். இடுப்பு என்று சொல்லக்கூடிய இடத்தில் கொம்பு வாய் கயிறு போட்டுக் கட்டியிருந்தது.

இந்த இடத்தில் கூட்டம் சாமியைப் பிடித்து உதைத்தது என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. ஆனால் நடந்தது வேறு.

"ஆகா!" என்று சாமி கையைத் தூக்கினார். "முனி தந்திரசாலி! தாயி எந்திச்சதும் வாழைக்குள்ள தாவிட்டான்! அங்கனயும் விடாம உறிஞ்சிட்டேன்!"

"அப்பிடித்தான் இருக்கும்" என்றது முன்வரிசை. இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "வாழையிலயிருந்தே எலும்பு எடுக்காருன்னா எம்புட்டு சக்தி பாரும் வே!"

மனிதன் ஏமாறுவதுகூட எளிதில் நடந்துவிடும். ஏமாந்தோம் என்று ஒப்புக்கொள்ளத்தான் அவன் உயிர் போகிறது.

பிரம்மநாயகி அதையும் எதிர்பார்த்திருந்தாள் போலிருக்கிறது. சாரம்மாள் கையிலிருந்த வெள்ளிச் செப்பை வாங்கி, பந்தலில் கிடந்த வாழை இலையில் கவிழ்த்தாள். தட்டில் இருந்ததையும் சேர்த்துப் போட்டாள்.

"இந்தத் தெருவுல யாருக்கும் எலும்பு தெரியாது. எனக்கும் தெரியாது. வெளியூர்லயிருந்து கறி திங்கிறவங்க வந்திருப்பீய. ஒருத்தரு வந்து பாத்துச் சொல்லுங்க. இது மனுச எலும்பா?"

காஜா முகைதீன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார். குனிந்தார். கண்ணாடியைப் போட்டார்.

"கோழி" என்றார். "இது காலு."

"பாய், அது காலு இல்லவே, றெக்கை" என்றார் பின்னாலிருந்து ஒரு பட்டாளத்து மீசைக்காரர்.

"நான் அம்பது வருசமாத் திங்கேன். எனக்குத் தெரியாதா? இந்தா பிரியுது பாரும்."

"காலு இம்புட்டு ஒல்லியாவா இருக்கும்? நோஞ்சான் கோழியாவே?"

"அவரு வாங்குன கோழி அப்பிடி!"

ஆளாளுக்கு வந்து பார்த்தார்கள். கால் என்று ஒரு கட்சி, இறக்கை என்று ஒரு கட்சி. கோழி என்பதில் மட்டும் கருத்து வேற்றுமை இல்லை. சைவத் தெருக்காரர்கள் இலையிலிருந்து பின்வாங்கிக்கொண்டே போனார்கள். ஆறு மாதமாக அதைக் கும்பிட்டவர்கள்.

அந்தச் சண்டைக்கு நடுவில் ஒரு தெருநாய் கால்களுக்கிடையில் புகுந்து வந்தது. இலை ஓரமாக நின்று, ஒவ்வொரு துண்டாக முகர்ந்து பார்த்தது. பிறகு தாய் எலும்பைக் கவ்விக்கொண்டு நிதானமாகப் போனது.

முதலில் சிரித்தது ஒரு பெண். திரை போட்ட வில்வண்டிக்குள்ளிருந்து வந்த சிரிப்பு. அப்புறம் தெருவே சிரித்தது. அந்தச் சத்தத்தில் பூதத்தான் சேகண்டியைப் போட்டுவிட்டு ஓடினான். சாமியும் ஓடினார். பன்னிரண்டு வருஷம் குகையில் சம்மணம் போட்டிருந்த கால் என்று யாரும் சொல்லமுடியாது, அப்படி ஒரு ஓட்டம். வாய்க்கால் மேட்டில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். வாயைத் திறக்கச் சொன்னதும் கடைவாயிலிருந்து இன்னும் இரண்டு துண்டு விழுந்தது, அடுத்து காத்திருந்தவர்களுக்கு வைத்திருந்தது.

அடிக்கப் போனவர்களைப் பிரம்மநாயகி தடுத்தாள். இரக்கத்தால் அல்ல. அவளுக்கு ஒரு கேள்வி இருந்தது.

"உமக்கு என்ன வயசு?"

"அம்பத்தாறு, தாயி."

"முட்டி வலிக்கா?"

"இல்ல."

"ஓடுனீரே, பாத்தேன். நாளெல்லாம் வெயில்ல உக்காந்திருக்கீரு. என்னை எதுக்குவே இருட்டுல போடச் சொன்னீரு?"

சாமி தரையைப் பார்த்தார். அந்த ஆறு மாதத்தில் அவர் பேசிய ஒரே உண்மை அப்போதுதான் வந்தது.

"நல்லாயிட்டா, அப்புறம் யாரு தாயி என்னைக் கூப்பிடுவா?"

போலீசுக்கு ஆள் போனது. கூட்டம் கலையத் தொடங்கியது. குற்றாலலிங்கம் பிள்ளை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நெல்லையெல்லாம் அள்ளி வெளிய போட்டாச்சு" என்றார், எதையாவது சொல்ல வேண்டுமே என்று. "அறை தயாரா இருக்கு..."

"வாழைத்தண்டைக் கொண்டுபோய் வைங்க" என்றாள் பிரம்மநாயகி. "வைத்தியம் அதுக்குத்தானே நடந்துது. எனக்கு முதல்ல ஞானம்பாளைப் பாக்கணும்."

அவள் வீட்டுக்குள் போகவில்லை. கம்பை ஊன்றி, ஆடி ஆடி, நடுத்தெருவில் இரண்டு வீடு தள்ளி நடந்தாள். நாறும்பூநாத பிள்ளை வாசலில் மறித்து நின்றார். அவருக்கு இருபுறமும் கூட்டம் நின்றது, அவரைப் பார்த்துச் சிரிப்பதற்குத் தயாராக. அவர் விலகினார். கொஞ்ச நேரத்தில் நான்கு பேர் ஒரு கட்டிலைத் தூக்கிவந்து தெருவில் வைத்தார்கள். கட்டிலில் கிடந்தவள் கூச்சம் தாங்காமல் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள். காகிதம் மாதிரி வெளுத்த கைகள்.

"பைய, பைய" என்றாள் பிரம்மநாயகி, கட்டில் சட்டத்தில் உட்கார்ந்து. "முதல்ல சுடும். அப்புறம் பழகிரும்."

மறுநாள் பெரிய வீட்டு முற்றத்தின் ஓலைத் தட்டியைப் பிரித்தார்கள். அந்தத் தெருவில் அன்றைக்குப் பிரிந்தது அந்த ஒரு தட்டிதான். மற்றவர்கள் ஆடி மாதம் வழக்கம்போலப் புது ஓலை வாங்கினார்கள். புரட்டாசியில், பேட்டைப் பக்கம் ஒரு நரம்புச் சாமி வந்திருப்பதாகவும், அவர் நரம்பை உறிஞ்சுவதாகவும் பேச்சு வந்தது. வண்டி பூட்டினார்கள்.

அந்த ஆனி வெள்ளிக் கூட்டத்தில் புத்தியோடு நடந்துகொண்டது அந்த நாய் ஒன்றுதான். தட்டு வெள்ளியா என்று அது பார்க்கவில்லை. சேகண்டி எவ்வளவு பலமாக அடித்தது என்று கேட்கவில்லை. முகர்ந்து பார்த்தது. என்னவென்று தெரிந்த பிறகுதான் கவ்வியது. நமக்கும் மூக்கு இருக்கிறது. அதற்கு மேலே, நாய்க்கு இருப்பதைவிடப் பெரிதாக, இன்னொன்றும் இருக்கிறது என்று சொல்கிறார்கள்.